பட்டமா, பட்டயமா: செவிலியர் கல்வியில் தவறாகக் கேட்கப்படும் கேள்வி

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியுள்ள மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்படும் விளம்பரத் தாள்களைப் படித்தால், செவிலியர் கல்வி இன்று எப்படி விற்கப்படுகிறது என்பது பாதி புரிந்துவிடும். பெங்களூரிலோ மங்களூரிலோ பி.எஸ்சி. நர்சிங், வங்கிக் கடனும் ஏற்பாடு செய்து தரப்படும் என்பது ஒரு வகை. ஜெர்மனி போக ‘பி2’ மொழி வகுப்பு என்பது இன்னொரு வகை. சில மாதங்களில் ‘ஹோம் நர்ஸ்’ ஆகலாம் என்பது மூன்றாவது. முதலாவதற்கு நான்கு ஆண்டுகளும் சில லட்சங்களும் வேண்டும். மூன்றாவதற்கு இரண்டும் வேண்டாம். ஆனால் அதைப் படித்தவர் சட்டப்படி செவிலியரே அல்ல. ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த சாலைக் கடைத்தெரு இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கடையில் நின்று பிழைக்கும் ஒரு குடும்பம் மகளை நர்சிங் சேர்க்க நினைத்தால் கேட்பது மூன்று கேள்விகள்தாம்: எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம், வீட்டிலிருந்து போய்வர முடியுமா. கொள்கை வகுப்பவர்கள் கேட்பதோ வேறு: எல்லாச் செவிலியரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டுமா, பட்டயம் போதுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே முதல் மூன்றும் காணாமல் போய்விட்டன என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். படிப்பு குறுகியதா நீண்டதா என்பதைவிட, அது பதிவுபெற்ற செவிலியர் என்ற உரிமத்தில் போய் முடிகிறதா, அதன் பிறகு மேலே ஏற வழி இருக்கிறதா என்பவையே ஒரு செவிலியரின் தரத்தையும் வாழ்க்கையையும் தீர்மானிக்கின்றன.

குறுகிய படிப்பை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே நர்ஸ் பஞ்சம் வந்தது. அதுவரை பெரும்பாலான நர்ஸுகள் மருத்துவமனைகளே நடத்திய மூன்றாண்டுப் பள்ளிகளில் உருவானார்கள். அந்தப் பள்ளிகளில் மாணவி படித்ததைவிட வார்டில் சம்பளமில்லாமல் உழைத்ததே அதிகம். மில்ட்ரெட் மான்டாக் என்ற கல்வியாளர் 1951இல் தம் ஆய்வேட்டில் வேறொரு வழியை முன்வைத்தார்: பயிற்சியை மருத்துவமனையின் பிடியிலிருந்து எடுத்து, அந்தந்த ஊரிலேயே இருக்கும் குறைந்த கட்டணப் பொதுக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பாக வைப்பது. 1952இல் தொடங்கிய ஐந்தாண்டுச் சோதனை ஒரு சில கல்லூரிகளில் நடந்து, அங்கே படித்தவர்கள் உரிமத் தேர்வில் மற்றவர்களுக்குச் சளைக்காமல் தேறியதும், ‘கம்யூனிட்டி காலேஜ்’ எனப்படும் சமுதாயக் கல்லூரிகள் நாடெங்கும் இதைப் பிடித்துக்கொண்டன. மான்டாக் மனத்தில் இருந்தது பட்டதாரியின் மேற்பார்வையில் வேலை செய்யும் ஒரு தொழில்நுட்பச் செவிலியர். நடைமுறை அவர் நினைத்தபடி அமையவில்லை. இரண்டாண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் எழுதும் தேர்வு ஒன்றே, பெறும் உரிமம் ஒன்றே என்று ஆனதால் மருத்துவமனைகள் இருவரையும் ஒரே வேலையில் வைத்தன. 1965இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் பட்டமே தொழிலின் வாசல் என்று அறிவித்தும் அந்த ஏற்பாட்டை அசைக்க முடியவில்லை. வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் 1980களில் பட்டத்தைக் கட்டாயமாக்கிப் பார்த்து, 2003இல் அதைக் கைவிட்டது. நியூயார்க் 2017இல் கண்டுபிடித்த நடுவழி எனக்குச் சரியாகப் படுகிறது: இரண்டாண்டு படித்தே வேலைக்கு வரலாம், பத்து ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடித்துவிட வேண்டும்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி வளர்ந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது என்று செவிலியர் பாடநூல்கள் குறிக்கின்றன. திருவிதாங்கூரில் 1906இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஹோலி கிராஸ் கன்னியர் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியேற்றனர். அப்போது திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதியாக இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையும் நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனையும் உள்ளூர்ப் பெண்களுக்கு இந்தத் தொழிலின் கதவைத் திறந்தன. மேல்சாதிக் குடும்பங்கள் அருவருத்து ஒதுக்கிய வேலையை, படிப்பும் சம்பளமும் வேறு எங்கும் கிடைக்காத பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மேரி புன்னன் லூக்கோஸ் 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனது இந்த மண்ணில் பெண்ணுக்கும் மருத்துவத்துக்கும் இருந்த உறவைக் காட்டும். அவருக்குக் கீழே வார்டுகளில் நின்ற பெண்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை தந்தபோது பிரிவினைக்கு முந்தைய இந்தியா முழுவதிலும் சுமார் 7,000 நர்ஸுகளே இருந்தனர். 43,000 பேருக்கு ஒருவர். அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் வந்தது. அதன் பிறகு நமக்கு அமைந்தவை மூன்று தட்டுகள்: ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு, இன்று இரண்டாண்டு, ஜி.என்.எம். எனப்படும் பட்டயம், மூன்றாண்டு, பி.எஸ்சி., நான்காண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து சிறிது தூரத்துக்குள் மூன்றையும் பார்க்கலாம். தைக்காட்டில் முதலாவதற்கும், பொது மருத்துவமனையில் இரண்டாவதற்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. மூன்றாவதற்கு மெடிக்கல் காலேஜ் பஸ் ஏற வேண்டும்.

அமெரிக்கச் சொல்லான சமுதாயக் கல்லூரி இங்கேயும் வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிய கல்லூரிகள் முன்னோடிகள். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஊர் ஊராகச் சமுதாயக் கல்லூரிகள் முளைத்தன. உடல்நல உதவியாளர் போன்ற ஓராண்டுப் பட்டயங்கள் அவற்றில் நன்றாக ஓடின. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது: பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண், வீட்டுக்குப் பக்கத்தில், கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு தொழில் கற்றாள். ஆனால் செவிலியர் கவுன்சில் அங்கீகரிக்காத எந்தச் சான்றிதழும் பதிவுக்கு உதவாது. அவள் சிறிய தனியார் மருத்துவமனை ஒன்றில் வெள்ளைக் கோட்டு அணிந்து ஊசி போடுகிறாள், சலைன் மாற்றுகிறாள். நோயாளி அவளைச் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுகிறார். ஏதாவது தவறு நேர்ந்தால் மட்டும் அவள் நர்ஸ் அல்ல. அவளுக்குப் பத்து வருஷ அனுபவம் சேர்ந்தாலும் ஏ.என்.எம். படிக்க வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியிடமிருந்து நாம் பெயரையும் குறைந்த கட்டணத்தையும் எடுத்துக்கொண்டோம். அந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுத்த உரிமத்தை விட்டுவிட்டோம். இதில் லாபம் அடைந்தவர்கள் உரிமம் பெற்ற நர்ஸை வைக்க வேண்டிய இடத்தில் உதவியாளரை வைத்துச் சம்பளத்தை மிச்சம்பிடித்தவர்கள்.

ஜி.என்.எம். இந்த வகையில் எவ்வளவோ மேல். அது பதிவு தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்காதவரையும், கவுன்சில் விதிப்படி, சேர அனுமதிக்கிறது, பி.எஸ்சி.க்கோ இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கட்டாயம். பிளஸ் ஒன் சேரும்போது பள்ளியில் அறிவியல் பிரிவு கிடைக்காததற்காக ஒரு பெண்ணின் வாழ்நாள் தொழிலை மூடிவிடாத ஒரே முழுச் செவிலியர் படிப்பு இதுதான். இருந்தும் ஜி.என்.எம்.மை நிறுத்திவிட்டு எல்லாப் பள்ளிகளையும் பட்டக் கல்லூரிகளாக உயர்த்த வேண்டும் என்று செவிலியர் கவுன்சில் 2010களின் இறுதியில் முடிவெடுத்தது. காலக்கெடு தள்ளிப்போனது, படிப்பு இன்னும் நடக்கிறது. இதற்கிடையில் 2023இல் பழைய சட்டத்துக்குப் பதில் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்துவிட்டது. ஆக, ஜி.என்.எம்.மின் எதிர்காலம் பற்றிய கேள்வி தீர்ந்துவிடவில்லை, அடுத்த அமைப்பின் மேசைக்கு மாறியிருக்கிறது.

பட்டத்தைக் கட்டாயமாக்கச் சொல்பவர்களின் கையில் உள்ள வலுவான சான்று அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவின் ஆய்வுகள். அவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. 2003இல் வெளிவந்த ஆய்வு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளைப் பார்த்தது. பட்டதாரி நர்ஸுகளின் பங்கு பத்து விழுக்காட்டுப் புள்ளி கூடும் இடத்தில் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்தது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்ட ஆய்வில் அந்தக் குறைவு 7 விழுக்காடு. ‘பட்டம் எதற்கு, அனுபவம் வந்தால் எல்லாம் வரும்’ என்று பட்டயக்காரர்களுக்காக வாதிடுபவர்கள் 2003 ஆய்வின் இன்னொரு முடிவையும் கவனிக்க வேண்டும்: பணி அனுபவத்தின் ஆண்டுகளுக்கு அங்கே தனித்த பலன் எதுவும் தென்படவில்லை. ஏன் அப்படி என்பது வார்டில் நின்று பார்த்தால் விளங்கும். அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு. நோயாளியின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் அவர் படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார், சிறுநீர்ப் பையில் அளவு குறைந்திருக்கிறது. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணாமல் பழக்கதோஷத்தில் ‘20’ என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் நர்ஸும் உண்டு. எண்ணிப் பார்த்து, 28 என்று கண்டு, காலையில் 18 இருந்ததோடு ஒப்பிட்டு, டூட்டி டாக்டரை எழுப்பி ‘வந்து பாருங்கள்’ என்று வற்புறுத்தும் நர்ஸும் உண்டு. ஐக்கன் அளந்தது இந்த வித்தியாசத்தை. இருபது வருஷம் ‘20’ எழுதியவருக்கு இருபது வருஷ அனுபவம் இருந்து என்ன பயன்?

ஆனால் அதே 2014 ஆய்வில் உடன் வந்த மற்றொரு எண்ணைப் பட்டவாதிகள் மெல்லவே சொல்கிறார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது. பட்டதாரிகளைப் பத்துப் புள்ளி கூட்டிப் பெற்ற நன்மை ஒரே ஒரு கூடுதல் நோயாளியால் கரைந்துவிடும் என்று பொருள். நம் பொது வார்டுகளில் இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்பதை எந்த அரசு மருத்துவமனையிலும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். படிப்பை நீட்டி, செலவைக் கூட்டி, அதனால் வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியதாகும். மேலும் அந்த ஆய்வுகள் நடந்த இடங்களில் பட்டம் என்றால் பட்டம்தான். அங்கே கல்லூரிக்கு நோயாளிகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு சி.பி.ஐ. நர்சிங் கல்லூரிகளைச் சோதித்தபோது பல கல்லூரிகள் விதிகளுக்குத் தேறவில்லை. 2024இல் சோதிக்கப் போன அதிகாரிகள் சிலரே லஞ்ச வழக்கில் கைதானார்கள். கட்டில் இல்லாத மருத்துவமனையைக் காட்டி அங்கீகாரம் வாங்கிய கல்லூரியில் நான்கு ஆண்டு இருந்தவரைவிட, பொது மருத்துவமனையின் அரசுப் பள்ளியில் மூன்று ஆண்டு இருந்தவரிடம் என் நாடியைக் கொடுப்பேன். மூச்சை எண்ணக் கற்றுக்கொடுப்பது கட்டிலோரம் நிற்கும் ஆசிரியர். அவர் ஒரு மாணவிக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறார் என்பது சான்றிதழில் எழுதியிருப்பதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வருவது. எனக்கு இதுவே கனமானதாகத் தோன்றுகிறது. பட்டயப் பள்ளி என்றாலே மருத்துவமனை முதலாளி தன் வார்டுக்குக் கூலியில்லாத ஆள் பிடிக்கும் ஏற்பாடு. அதிலிருந்து செவிலியரை மாணவராக மீட்டது பட்டப்படிப்புதான் என்பார்கள். உண்மை. 1923இல் அமெரிக்காவில் கோல்ட்மார்க் அறிக்கை சொன்னது இதைத்தான். சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு, ‘பாண்டு’ எழுதி வாங்கிக்கொண்டு, படித்து முடித்தவரைக் குறைந்த சம்பளத்துக்கு ஓரிரு வருஷம் கட்டிவைத்த கதைகளைக் கேரளமும் தமிழகமும் ஏராளமாகப் பார்த்துவிட்டன. ஆனால் அந்தச் சுரண்டலுக்கு வேர் பள்ளியின் உரிமையில் இருந்தது, படிப்பின் நீளத்தில் அல்ல. மருத்துவமனை முதலாளியே கல்லூரியும் நடத்தினால் நான்காவது ஆண்டும் அவருக்கு ஆதாயமே. மான்டாக் செய்தது குறைக்கும் வேலை மட்டுமன்று. பள்ளியை மருத்துவமனையிடமிருந்து எடுத்துப் பொதுக் கல்லூரியிடம் கொடுத்தார். நம்மிடம் அந்த அறுவையை யாரும் செய்துபார்க்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் உடலியலும் நுண்ணுயிரியலும் உளவியலும், மாவட்ட மருத்துவமனையில் வார்டுப் பயிற்சியும் என்று ஒரு ஜி.என்.எம். ஏன் இருக்கக்கூடாது? பாலிடெக்னிக் பட்டயத்தை அரசு எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் நடத்துகிறது. பொறியியல் பட்டதாரிகள் வந்துவிட்டார்கள் என்று பாலிடெக்னிக்கை யாரும் மூடவில்லை.

பட்டயத்தை வைத்துக்கொண்டு வெளிநாடு போக முடியாதே என்பது அடுத்த ஆட்சேபம். திருவனந்தபுரத்தில் இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது வீண். தைக்காட்டில், வெளியே வாழும் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸின் அலுவலகம் இருப்பதே அதற்காகத்தான். உலகில் எட்டுச் செவிலியரில் ஒருவர் தாம் பிறந்த அல்லது படித்த நாட்டுக்கு வெளியே வேலை செய்வதாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வளைகுடாவில் பட்டம் கேட்பது கூடிவருவதும் பிரிட்டன் 2013 முதல் தன் செவிலியருக்குப் பட்டத்தை வாசலாக்கியதும் மறுக்க முடியாதவை. ஆனால் இன்று மலையாளி நர்ஸின் கனவில் முதலிடத்துக்கு வந்திருக்கும் ஜெர்மனியே நம் பட்டவாதத்துக்கு எதிர்சாட்சி. 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழும் அங்கே செவிலியர் ஆவதற்கான பொது வழி மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிதான். பயிற்சிக்காலத்தில் மாணவருக்குச் சம்பளமும் உண்டு. 2021 டிசம்பரில் நோர்க்கா கையெழுத்திட்ட ‘டிரிபிள் வின்’ திட்டம் பணி அனுபவமுள்ள ஜி.என்.எம். காரர்களையும் எடுக்கிறது. அதோடு, வெளிநாட்டுக்காகவே பட்டம் என்ற கணக்கின் மறுபக்கத்தை 2014 ஜூலையில் பார்த்தோம். ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டுக் கொச்சியில் வந்திறங்கிய 46 நர்ஸுகளில் பெரும்பாலோர் கேரளத்தவர். போர் மூண்ட நாட்டில் அவர்கள் கடைசிவரை இருந்ததற்குக் காரணம் ஊரில் அடையாத கல்விக் கடன் என்று அப்போது ஊரே பேசியது. கடன் வாங்கிப் படித்தவருக்கு எந்த நாட்டில் வேலை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு. அடையாத கடனோடு விமானம் ஏறும் பட்டதாரியைவிட, கடனில்லாமல் மூன்றாண்டில் பதிவு பெற்று, சம்பாதித்துக்கொண்டே பட்டத்தை முடித்தவர் பேரம் பேசும் இடத்தில் இருப்பார்.

சம்பள விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். அரசு மருத்துவமனை நர்ஸ் பணிக்கு பட்டயமும் பட்டமும் ஒரே தகுதி, ஒரே ஊதியம். இது கேரளத்திலும் தமிழகத்திலும் அப்படியே. தனியாரில் ஊதியம் உயர்ந்தது படிப்பு நீண்டதால் அல்ல. 2011இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கத்தின் போராட்டங்கள், 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரை, 2018 ஏப்ரலில் கேரள அரசு ரூ. 20,000 அடிப்படை ஊதியம் அறிவித்த உத்தரவு என்று தெருவில் நின்று வாங்கியது அது. கூடுதல் ஓராண்டுப் படிப்புக்கு மருத்துவமனை முதலாளி தாமாக முன்வந்து ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவார் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

ஆக, பட்டயம் போதும் என்று நான் சொல்லவில்லை. பட்டயத்தில் நுழைந்து பட்டத்தில் போய்ச் சேரும் படிக்கட்டு வேண்டும். இன்று இருப்பது படி உடைந்த படிக்கட்டு. ஏ.என்.எம். முடித்து, வீடு வீடாகப் போய்ப் பல வருஷம் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்த ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ் ஜி.என்.எம். படிக்க விரும்பினால், பதினெட்டு வயதுக்காரியோடு முதலாம் ஆண்டில் உட்கார வேண்டும். கற்றதில் ஒரு மணி நேரம்கூடக் கழிவு கிடையாது. தமிழகத்தின் கிராம சுகாதார செவிலியருக்கும் இதே நிலை. கேரளத்தின் வலிதணிப்புப் பணியைப் பாருங்கள்: 2008இல் கொள்கையாக வகுக்கப்பட்டு, ஊராட்சிதோறும் ஒரு நர்ஸ் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் வீட்டுக்கே போய்ப் புண்ணைத் துடைத்து, குழாய் மாற்றி, மாத்திரைக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு. அதைத் தாங்கி நிற்பவர்களில் பலர் ஏ.என்.எம். படித்துவிட்டுச் சில மாதப் பயிற்சி பெற்றவர்கள். அந்த வீடுகளில் அவர்கள் கற்றதை எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு ‘கிரெடிட்’டாகக்கூட எண்ணுவதில்லை. ஜி.என்.எம்.மிலிருந்து மேலே போக போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. உண்டு, அது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. அரசுப் பணியில் இருப்பவருக்காவது ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும். வேலையில் இருந்தபடியே படிக்க, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1994இல் ஒரு வழி திறந்தது. அதன் இடங்கள் தேவைக்கு முன் சொற்பம். தொலைநிலைப் பட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் நாடுகளும் உண்டு.

வேலைநேரத்தைத் தழுவிய போஸ்ட் பேசிக் என்பது கைக்கெட்டாத யோசனை அல்ல. ஆறு மணி நேரம், ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேர இரவு என்ற ஷிஃப்ட் முறை உள்ள மருத்துவமனையில் காலை ஷிஃப்ட்காரருக்குப் பிற்பகல் காலி. இரவு முடித்தவருக்கு அடுத்த நாள் ஓய்வு. பொது மருத்துவமனை, தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை, கோட்டை தாலுகா மருத்துவமனை மூன்றும் ஒரே நகர்ப்புறத்தில் இருக்கும்போது மூன்றின் நர்ஸுகளுக்கும், பக்கத்துத் தனியார் மருத்துவமனை நர்ஸுகளுக்கும் சேர்த்து ஒரு பிற்பகல் கல்லூரி நடத்தலாம். மூன்று ஆண்டு பிடித்தாலும் பரவாயில்லை. தடை கட்டடம் அல்ல. 2023 மத்திய பட்ஜெட்டில் 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டபோது பேச்செல்லாம் எண்ணிக்கை பற்றியே இருந்தது. அவற்றில் யார் கற்பிப்பார்கள் என்பது பின்னுக்குப் போனது. மூன்று நோயாளிக்கு ஒரு மாணவி என்று கவுன்சில் விதி வைத்திருக்கிறது. அந்த மாணவியின் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் சம்பளம் அரசு மருத்துவமனை நர்ஸின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும் தனியார் கல்லூரிகள் இருக்கும்வரை, எம்.எஸ்சி. படித்தவர் வகுப்பறையைவிட்டு வார்டுக்கோ விமான நிலையத்துக்கோதான் போவார். வார்டில் உள்ள மூத்த நர்ஸுக்கே கற்பிக்கும் பொறுப்பையும், அதற்கு ஒரு படியையும், அவர் பொறுப்பில் இரண்டு கட்டில் குறைவையும் கொடுத்தால் அந்தப் பற்றாக்குறையில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு, படிக்கட்டு ஏறி வந்த ஏ.என்.எம்.களும் ஜி.என்.எம்.களும் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் வகையில் பணிவிதிகளைத் திருத்த வேண்டியிருக்கும். அதை முதலில் எதிர்ப்பவர்கள் நேரடியாகப் பட்டம் பெற்ற அவர்களுடைய சகாக்களாகவே இருப்பார்கள்.